இருபத்து மூன்றாம் வீட்டுச் சீட்டு

ஐந்துக்கு ஐந்து போட்ட பிறகுதான் உறைத்தது, இந்தச் சீட்டு இங்கே இருக்கக் கூடாதே என்று. வண்டி சந்தனமாரிபுரத்தின் கடைசி வீட்டைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவில் போகிற சாலையில் ஏறியிருந்தது, பின்னால், ஊரில் வீடு வீடாகப் போய் உடம்பைச் சோதித்துவிட்டு வந்த எங்கள் காலேஜின் முப்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள், நான் முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலைத் தூக்கி என்ஜின் மூடிமேல் வைத்தால் டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி தப்பாக நினைப்பாரா என்று யோசித்துக்கொண்டே மடியில் இருந்த ரெக்கார்டு நோட்டுகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். வெயிலில் அலைந்த நாளின் சாயங்காலம் கை தானாகவே மார்க் போடும், பதினெட்டு வருஷப் பழக்கம். ஆன்ஸியின் நோட்டு. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கரை கட்டி, நான்கு மூலையிலும் பசை தடவி, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டியிருக்கிறாள். பெயர் பேச்சித்தாய், வயது நாற்பத்தெட்டு, வீட்டு எண் இருபத்து மூன்று, தொழில் உப்பளக் கூலி, ரத்த அழுத்தம் இருநூற்று நான்குக்கு நூற்றுப் பதினெட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே அனுப்பவும். இன்றே என்பதற்குக் கீழே இரண்டு கோடு. பேச்சித்தாயின் கையில் இருக்க வேண்டிய காகிதம் இது, அதைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் அவள் வைக்க வேண்டும். அது என் மடியில் இருக்கிறது, பசை இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

மறந்திருப்பாள், பிள்ளைதானே, இரண்டு சீட்டு எழுதி ஒன்றைக் கொடுத்திருப்பாள், என்று அடுத்த நோட்டை எடுத்தேன். அதிலும் ஒரு சீட்டு, பதினொன்றாம் வீட்டுத் தாத்தாவுக்குக் கண்புரை. அதற்கடுத்ததில் ஒரு கர்ப்பிணி, கடைசி வீட்டு மாரிக்கனி, ரத்தம் ஏழு, பதினொன்றாவது இருக்க வேண்டும். எல்லாமே அசல், எல்லாவற்றிலும் நீல மையில் இன்றைய தேதி. காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லிக்குப் பிறகு ஒன்றுமில்லை, பசியில் கண் தப்பாகப் படிக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன், என் புத்தி எப்போதும் சுலபமான காரணத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டும். திரும்பி ஆன்ஸியைக் கூப்பிட்டேன். பாட்டு நிற்கவில்லை, அவள் மட்டும் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள், நெற்றியில் உப்புக்காற்று அடித்து முடி ஒட்டிக் கிடந்தது, முகத்தில் நல்ல மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் வெளிச்சம்.

"இந்தச் சீட்ட அவங்ககிட்ட குடுக்கலையா?"

"எந்தச் சீட்டு மேம்?"

"இதுதான். பேச்சித்தாய்க்கு எழுதுனது."

"அது ரெக்கார்டுல ஒட்டணும்ல மேம். ஒட்டலைன்னா அஞ்சு மார்க் போயிருமே."

"வாயாலயாவது சொன்னியா, பிரஷர் இவ்ளோ இருக்குன்னு?"

"நீங்கதான மேம் சொன்னீங்க, நம்பர சொல்லிப் பயமுறுத்தக் கூடாதுன்னு." அவள் குரல் இறங்கியது. "தப்பா மேம்? சீனியர் அக்காங்க நோட்டப் பாத்துத்தான் செஞ்சோம். அவங்க நோட்டும் கீழதான் இருக்கு, ரப்பர்பேண்டு போட்டு வச்சிருக்கேன்."

தப்பு உன்மேல் இல்லை, போய் உட்கார் என்றேன். போனாள். ஆனால் பாடவில்லை, அது எனக்கு முதுகிலேயே தெரிந்தது.

முன்பெல்லாம் சீட்டுக்குக் கார்பன் தாள் வைத்த புத்தகம் இருந்தது. மேல் தாள் நோயாளிக்கு, கீழே பதிகிற மஞ்சள் தாள் நோட்டுக்கு. அப்புறம் பல்கலைக்கழகத்தில் பசுமை வளாகம் என்று ஒரு வருஷம் கொண்டாடினார்கள், காகிதத்தைக் குறையுங்கள் என்றார்கள், அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன், இரண்டு தாளை ஒரு தாளாக்கலாம் என்று கையைத் தூக்கிச் சொன்னதே நான்தான், கைதட்டினார்கள், ஒரு மரக்கன்றுகூடக் கொடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் யாரும் மாற்றவில்லை. சீட்டு இணைக்கப்பட்டுள்ளதா, ஐந்து மதிப்பெண். அந்த வரியை எழுதியதும் நான்தான். காய்ச்சலோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்தது நினைவிருக்கிறது, இணைக்கப்பட்டுள்ளதா என்று போடவா, வழங்கப்பட்டதா என்று போடவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், வழங்கியதை நான் எப்படிச் சரிபார்ப்பது, இணைத்தால் கண்ணால் பார்க்கலாம் என்று இதைப் போட்டேன். நம்பரைச் சொல்லாதே என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததே. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவி ஒரு பெரியவரிடம் உங்களுக்கு இருநூறு இருக்கிறது, எந்நேரமும் விழலாம் என்று சொல்லி, அவர் சாப்பிடாமல் கிடந்து, மகன்கள் காலேஜுக்கே வந்து சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்வேன், வாயை மூடிக்கொண்டு சீட்டைக் கொடுங்கள், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டும் நல்ல விதிகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை, மற்றவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் நான் சிவப்புப் பேனாவை எடுத்துக் கிழித்திருப்பேனே.

ரப்பர்பேண்டைக் கழற்றினேன். இருபத்து மூன்றாம் வீடு எங்கள் காலேஜ் தத்தெடுத்த குடும்பங்களில் ஒன்று, ஒவ்வொரு வருஷமும் ஒரு மாணவி அந்த வீட்டை எடுத்துக்கொள்வாள், போகும்போது நோட்டை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். போன வருஷ நோட்டில் நூற்று எண்பத்திரண்டுக்கு நூற்றுப் பத்து, சீட்டு ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் நூற்று அறுபத்தெட்டுக்கு நூறு, அதுவும் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் கீழே என் கையெழுத்து, எமல்டா, ஒன்றில் மிக நன்று என்றுகூட எழுதியிருக்கிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்த யார் பார்த்தாலும் புரிகிற விஷயம், வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, மூன்று வருஷமாக நாங்கள் பக்கத்தில் நின்று ஏறுவதைக் குறித்துக்கொண்டிருக்கிறோம். உப்பும் வெயிலும் வேர்வையும் அதை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் பாடமே எடுக்கிறேன், படம் போட்டு, அம்புக்குறி போட்டு. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் பனையோலை மூடி வரிசையாக நிற்கின்றன, கண் கூசுகிறது, கண்ணை மூடினால் உள்ளேயும் வெள்ளையாக இருக்கிறது. நாளை விடிவதற்கு முன்னால் பேச்சித்தாய் இந்தப் பாத்திகளில் ஏதாவது ஒன்றில் இறங்குவாள்.

இன்று காலையில் பார்த்தேனே அவளை. வாசலில் உட்கார்ந்து தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மீன் உரசிக்கொண்டிருந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான், என் கண் அடுத்த வீட்டில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் மேல் இருந்தது. "எனக்கு என்ன டீச்சர், வருசா வருசம் உங்க பிள்ள வந்து கையப் புடிச்சுப் பாத்துட்டுப் போவுது. ஒண்ணும் சொல்லல்லியே. அப்பம் நல்லாத்தான இருக்கேன்? தல மட்டும் கனக்கு, அது அளத்து வெயிலு" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றுள்ளோம் என்ற தலைப்புக்குக் கீழே போட ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது என்று டைரியை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டேன், அவள் பேசினபடியே அல்லவா எழுத வேண்டும், அதில் ஒரு மண்வாசனை இருக்கும் என்று. இப்போது அதைத்தான் மனசு திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒண்ணும் சொல்லல்லியே. நாங்கள் போகாமலே இருந்திருந்தால் அவள் தலைக்கனத்துக்கு என்றைக்காவது தானாக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நாங்கள் போனதால் போகவில்லை. சேவை செய்யப் போன இடத்தில் அவளுக்கு இருந்த பயத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம், பயம் இருந்தால்தானே மனுஷன் டாக்டரைத் தேடுவான். இதை நினைக்கிறபோது என்மேலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சரி, சரி, பதறாதே. மெஷின் புதுசு, கைப்பட்டையைச் சரியாகச் சுற்றியிருக்க மாட்டாள், பக்கத்தில் ஸ்பீக்கரில் கோயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைக்குக் காதில் சரியாகக் கேட்டிருக்காது, இருநூற்று நான்கு என்றால் நூற்று அறுபதாகக்கூட இருக்கும். மூன்று பிள்ளைகளுக்குமா காது கேட்கவில்லை? நாளை காலையில் அந்தப் பகுதி சுகாதார செவிலியருக்கு ஒரு மெயில் போடலாம், முறைப்படி, துறைத் தலைவர் வழியாக. துறைத் தலைவர் ராஜகிருபை சார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "மேடம், வியாழக்கிழமை கமிட்டி வருது, இப்ப போய் இதக் கெளப்பணுமா?" என்பார், கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்கு நீட்டிக்கொண்டே சொல்வார். வியாழக்கிழமை தரச்சான்றுக் குழு எங்கள் துறைக்கு வருகிறது, சர்வீஸ் லேர்னிங் என்கிற இந்த ஊர்ச் சேவைதான் கண்காட்சி, மேஜைக்கு வெள்ளை விரிப்பு விரித்து இந்த நோட்டுகளைத்தான் அடுக்கப்போகிறோம், மூன்று வருஷத்து நோட்டுகளும். எவ்வளவு அழகாக இருக்கும், பச்சைக் கரை, ஒட்டிய சீட்டுகள், அனுப்பப்பட்டோர் இருநூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு சார்ட். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை எங்கேயும் அனுப்பவில்லை. என் முழங்கால் வலிக்கிறது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, நான் கெட்டவள் இல்லை, களைத்தவள். காலையில் பல் தேய்த்தவுடன் நான் ஒரு மாத்திரை போடுகிறேன், சின்ன வெள்ளை மாத்திரை, ஒன்பது வருஷமாக. எனக்கு நூற்று ஐம்பது வந்தபோது என் டாக்டர் மேஜையைத் தட்டிக் கத்தினார், நம்பரைச் சொல்லித்தான் கத்தினார், அந்தப் பயத்தில்தான் நான் இன்றுவரை ஒருநாள் விடாமல் போடுகிறேன்.

வண்டி நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி என்ஜினை அணைத்துவிட்டு, "கூட்ஸு மேடம், இருவது நிமிசம் ஆவும்" என்று இறங்கிப் போனார். பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுச் சுண்டல்காரரைக் கூப்பிட்டார்கள். காற்று நின்றதும் வண்டிக்குள் வேர்வையும் பவுடரும் கலந்த வாடை எழுந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, அதை நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் என் மண்டைக்குள் வருவதற்கு வேறு யார் பொறுப்பு. பேச்சித்தாய் நாளைக்கோ அடுத்த வாரமோ பாத்தியில் விழுந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வெயில் என்பார்கள். அவள் சொந்தக்காரர்கள் நோட்டைக் கேட்க மாட்டார்கள், நோட்டு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. யாராவது கேட்டாலும் நோட்டு எங்களைக் காப்பாற்றும், இதோ பாருங்கள், மூன்று வருஷமும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறோம், அவள்தான் போகவில்லை. என் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்து முடிந்தபோது எனக்கு நெஞ்சில் கொஞ்சம் இதமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் மூச்சு லேசாக வந்தது. அந்த இதத்தைக் கண்டுதான் நான் பயந்தேன். பேச்சித்தாய் விழுவதைவிட, அவள் விழுந்தபிறகு நான் வகுப்பில் நின்று அம்புக்குறி போட்டுப் பாடம் எடுப்பேன் என்பதுதான் பயமாக இருந்தது, எடுப்பேன், நன்றாகவே எடுப்பேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. எல்லாவற்றையும்தான் கேட்டு எழுதுகிறோமே, கழிப்பறை உண்டா, அடுப்பு எது, எத்தனை பேர் படித்தவர்கள், போன் நம்பர். அந்த நம்பரை எதற்கு வாங்குகிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை, ஒருநாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. இரண்டு தடவை அழுத்தி அழித்தேன். மூன்றாவது தடவை மணி போயிற்று. எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், எடுத்துவிட்டாள்.

"ஆரு?"

"நான் காலேஜ் டீச்சர் பேசுதேன் பேச்சித்தாய். எமல்டா." அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"சொல்லுங்க டீச்சர். எதையும் வச்சிட்டுப் போய்ட்டியளா? குடையா?"

"இல்ல. உங்க பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. இருநூறுக்கு மேல. நாளைக்கு அளத்துக்குப் போவக் கூடாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும், தனியா போவாதிய, யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

"காலைல பாத்த பிள்ள ஒண்ணும் சொல்லல்லியே."

இங்கே நிறுத்தியிருக்கலாம். பிள்ளை மறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், அவளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், வியாழக்கிழமையும் வந்து போயிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது அது. பின்னால் ஆன்ஸி சுண்டல் வாங்காமல் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவமேல தப்பில்ல. நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். டாக்டருக்குச் சீட்டு எழுதியிருக்கு, அத உங்ககிட்ட குடுக்காம நோட்டுல ஒட்டிட்டோம். இந்த வருசம் மட்டுமில்ல. போன வருசமும் இருந்துது, அதுக்கு முந்தின வருசமும். மூணு வருசமா எங்களுக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், வாங்கிக்கொண்டு அழலாம், அழுதால் கொஞ்சம் தீரும். கூட்ஸ் வண்டி தூரத்தில் கூவியது.

"எனக்கு மட்டுமா டீச்சர்?" என்றாள் கடைசியில். "இல்ல, தெருவுக்கேவா?"

நான் மடியில் இருந்த நோட்டுகளைப் பார்த்தேன். கண்புரை, ரத்தம் ஏழு, அதற்குக் கீழே இன்னும் நான் திறக்காதவை முப்பதுக்கு மேலே.

"தெருவுக்கேதான்."

"கடைசி வீட்டு மாரிக்கனி உண்டாயிருக்கா. அவளுக்குமா?"

"அவளுக்கும்."

பிறகு அவள் பேசியபோது குரலில் கோபம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை, காலையில் இருந்த மரியாதை இல்லை, அது மட்டும் தெரிந்தது. "அப்பம் திரும்பி வாங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏது எங்களுக்கு, ஒங்க வண்டிலயே போவம். நான் ஆளுவளக் கூப்புட்டு வைக்கேன். எங்க பேரு போட்டு எழுதுனதெல்லாத்தையும் கிழிச்சுக் கையில கொண்டாங்க, நோட்டோட வேண்டாம்." போனை வைத்துவிட்டாள்.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, பெட்டிக்குப் பின் பெட்டி, எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கேட் திறக்கும்போது சுடலைமுத்து அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். "அண்ணாச்சி, கேட்டத் தாண்டி வண்டியத் திருப்பணும், சந்தனமாரிபுரத்துக்கே போவணும்" என்றேன். "என்ன மேடம், எதையும் விட்டுட்டு வந்துட்டியளா?" என்றார். ஆமாம் என்றேன். பின்னால் பிள்ளைகள் முனகினார்கள், ஹாஸ்டலில் ஆறு மணிக்கு வருகைப் பதிவு, யாரோ ஒருத்தி வீட்டில் அப்பா காத்திருப்பார் என்றாள். நான் எழுந்து நின்றேன், செருப்பில்லாமலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு. முதலில் ஆன்ஸியின் நோட்டைத் திறந்து அந்தச் சீட்டின் மூலையில் நகத்தைக் கொடுத்தேன். பசை நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது, சீட்டு வரவில்லை, பக்கத்தோடுதான் வந்தது, என் கையெழுத்தும் ஐந்துக்கு ஐந்தும் சேர்ந்து கிழிந்து வந்தன. முப்பத்தெட்டுப் பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் வந்து அவங்கவங்க நோட்ட எடுங்க" என்றேன்.